கம்பி சிவக்கும் நேரம்

வெளியே உச்சி வெயில். அறைக்குள் கும்மிருட்டு. கோச்சடையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த அந்தச் சின்ன அறைக்கு ஒரே ஜன்னல்தான். அந்த ஜன்னலிலும் சாக்கு தொங்கியது. சாக்கின் மேல் போர்வை. கதவை ஒருக்களித்துத் திறந்துகொண்டு மோர்ச் சொம்போடு நான் உள்ளே நுழைந்தபோது, வெள்ளி வேலை செய்கிற என் வீட்டுக்காரர் கரி அடுப்பின் முன் குனிந்து ஊதுகுழலால் ஊதிக்கொண்டிருந்தார். கரித்துண்டுகளின் மேல் மெல்லிய வெள்ளிக் கம்பி, வடை மாதிரி வளையமாகச் சுற்றி வைக்கப்பட்டிருந்தது.

கம்பி நெருப்பில் இருக்கும்போது யாரும் உள்ளே வரக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். அன்றைக்கு என்ன நினைத்தாரோ, கதவைச் சாத்து என்று மட்டும் சொன்னார். சாத்திவிட்டு அங்கேயே நின்றேன்.

கண் இருட்டுக்குப் பழகியதும் வளையம் தெரிந்தது. நன்றாகச் சிவந்திருந்தது. வற்றல் மிளகாயின் நிறம்.

"இன்னும் நெறம் வரல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அவர் மறுபடி ஊதினார்.

விளையாட்டுக்குச் சொல்கிறாரோ என்று நினைத்தேன். வற்றல் நிறம் செங்கல் நிறமானது. செங்கல் மாம்பழமானது. அவர் ஊதிக்கொண்டே இருந்தார். கண்ணைச் சிமிட்டுகிற நேரத்தில் வளையம் அப்படியே உட்கார்ந்துபோய், பளபளவென்று ஓர் உருண்டையாகக் கரிக்கு நடுவே ஓடியது.

வெள்ளி சரியில்லை என்றார். எவனோ கலப்படம் செய்திருக்கிறான் என்றார். ஊதுகுழலைத் தரையில் வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

வெள்ளியில் ஒரு குறையும் இல்லை. என் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்த சிவப்பு அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. மோரைக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

வீம்பு பிடிக்கும் கம்பி

போன வாரம் இந்தத் தொடரில் என் மாமியாரைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு என் மகள் போனில் சண்டைக்கு வந்தாள். இந்த வாரம் அவளுடைய அப்பாவைப் பற்றி எழுதுகிறேன். இதற்கும் வருவாள். வரட்டும்.

என் வீட்டுக்காரர் பெயர் முத்தையா. பரம்பரையாக வெள்ளி வேலை செய்கிற குடும்பமில்லை. சமயநல்லூர்ப் பக்கம் நெல்லும் வாழையும் போட்ட குடும்பம். அண்ணன் தம்பிகளுக்கு நிலத்தைப் பிரித்தபோது இவர் பங்குக்கு வந்தது ஒரு மாட்டைக் கட்டிப் போட்டால் திரும்ப இடமில்லாத அளவுதான். அதைத் தம்பிக்கே விட்டுவிட்டு மதுரைக்கு வந்து ஒரு வெள்ளிப் பட்டறையில் சேர்ந்தார். ஏர் பிடிக்க வேண்டிய கைக்கு இந்த வேலை எப்படி வந்தது என்று என் அப்பாவே கேட்டிருக்கிறார். வந்தது. எனக்குக் கல்யாணமாகி வந்தபோது அவர் தனியாகவே தொழில் பண்ணிக்கொண்டிருந்தார். எல்லாரும் அவரிடம் கொடுத்தது மெல்லிசு வேலைதான். மெல்லிய கம்பிகளைப் பின்னிச் செய்கிற கொலுசு, குழந்தைகளுக்கு இடுப்பில் கட்டுகிற அரைஞாண் கொடி.

இந்த இடத்தில் கொஞ்சம் தொழில் சொல்ல வேண்டும். வெள்ளியை உருக்கி, குச்சியாக ஊற்றி, தட்டி, அதன் முனையை அச்சில் நுழைத்து இழுப்பார்கள். அச்சு என்பது பெரிதும் சிறிதுமாக வரிசையாக ஓட்டைகள் போட்ட இரும்புத் தகடு. ஓட்டைக்கு ஓட்டை கம்பி மெலிந்துகொண்டே போகும். ஆனால் சில ஓட்டைகளைத் தாண்டியதும் வீம்பு பிடித்துக்கொள்ளும். விறைத்துப் போய், அதற்கு மேல் இழுத்தால் பட்டென்று அறும். அப்போது அதை வளையமாகச் சுற்றி, வால் பிரிந்து தொங்காமல் கட்டி, நெருப்பில் காட்டிக் காய்ச்ச வேண்டும். காய்ச்சினால் கம்பி வீம்பை விட்டுவிடும். மறுபடி இழுக்கலாம், பின்னலாம், சொன்னபடி கேட்கும்.

தடித்த கம்பியைக் காய்ச்சுவது பெரிய வித்தையில்லை. மெல்லிய கம்பிதான் ஆளைப் பார்க்கும். லேசாகச் சிவந்ததும் எடுத்துவிட வேண்டும். கொஞ்சம் அசந்தால் உருகி உருண்டையாகிவிடும். அப்புறம் குச்சி ஊற்றுவதிலிருந்து எல்லாவற்றையும் திரும்பச் செய்ய வேண்டியதுதான். அந்தச் சிவப்பு வெயில் வெளிச்சத்தில் தெரியாது. அதனால்தான் இருட்டு. ஜன்னலில் ஒரு சாக்கு தொங்கினால் போதும், அந்த அளவு இருட்டு.

இழுப்பதும் பின்னுவதும் விரல் பார்த்துக்கொள்கிற வேலை. முத்தையா கண்ணை மூடிக்கொண்டே பின்னுவார். நெருப்புக்கு மட்டும்தான் கண் வேண்டும்.

கள்ளக்காசு அடிக்கிற வீடு

நான் மேலே சொன்ன சாக்கு எங்கள் வீட்டில் எத்தனையோ வருஷமாகத் தொங்கியதுதான். அந்த வருஷம் அதன்மேல் போர்வை ஏறியது. குளிருக்கு மூடிக்கொள்ள ஒன்றுமில்லாமல் பிள்ளைகள் என் சேலையைப் போர்த்திக்கொண்டார்கள். பிறகு கதவு இடுக்குகளில் துணி அடைத்தார். ஓட்டுக் கூரையில் ஊசி நுழைகிற அளவு ஒரு பொத்தல் இருந்தது. ஏணி வைத்து ஏறி அதற்கும் தார் பூசினார். மாமியார் கீழே நின்றுகொண்டு, வெளிச்சம் இவனை என்ன செய்தது என்று என்னைக் கேட்டார். எனக்கு மட்டும் தெரியுமா?

தெருவில் பேச்சு கிளம்பியது. முத்தையா கதவைச் சாத்திக்கொண்டு குடிக்கிறார் என்று சிலர். கள்ளக்காசு அடிக்கிறார் என்று பால்காரர். அந்த மனுஷன் இதை நம்பியதோடு நிற்காமல், பால் ஊற்றும்போதெல்லாம் நான் கொடுக்கிற சில்லறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பையில் போடுவார். எனக்கு ஆத்திரமாக வரும். ஆனால் உள்ளுக்குள் நானும் குடியாக இருக்குமோ என்று மோந்து பார்த்திருக்கிறேன். மோர் வாடை தவிர ஒன்றும் வந்ததில்லை.

பேப்பர் படிப்பதை நிறுத்தியிருந்தார். கேட்டால் அதில் என்ன இருக்கிறது என்பார். காளவாசலில் நம்ம பஸ் வந்து நின்றாலும் நான் ஏறச் சொல்கிற வரைக்கும் ஏற மாட்டார். ஏதோ யோசனை என்று விட்டுவிடுவேன். தட்டில் வெண்டைக்காயும் பச்சை மிளகாயும் கலந்து கிடந்தால் சரியாக மிளகாயைக் கடித்துவிட்டு என்னைத் திட்டுவார். நாற்பதைத் தாண்டினால் ஆண்களுக்கு இப்படியெல்லாம் கோபம் வரும் போலிருக்கிறது என்று நானும் திருப்பித் திட்டுவேன்.

அன்றைக்கு வளையம் உருகியதைப் பார்த்த பிறகுதான் பஸ், பேப்பர், மிளகாய் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. கண் மங்கிப்போன மனுஷன், தனக்கு மங்கியது தெரியாமல், அறைக்குத்தான் இருட்டு போதவில்லை என்று நினைத்துத் துணி துணியாக அடைத்திருக்கிறார்.

தெரியாமல் என்று எழுதிவிட்டேன். அவருக்குத் தெரியாமல் இல்லை.

சோடாபுட்டி

அன்று சாயங்காலமே கேட்டுவிட்டேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது, ஆஸ்பத்திரிக்குப் போய்க் கண்ணைக் காட்டலாமா என்றேன். எதற்கு என்றார். சும்மாதான் என்றேன். துண்டை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"கத்தி வச்சா சோடாபுட்டிக் கண்ணாடி போடணும். அத மாட்டிக்கிட்டுக் கடைப்பக்கம் போனேன்னு வையி, எவன் எனக்கு மெல்லிசு வேலை குடுப்பான்?"

அப்போதெல்லாம் கண்புரையை எடுத்தால் அடி கனத்த கண்ணாடிதான் போடுவார்கள். போட்டவரின் கண் ஆட்டுக்கண் மாதிரி பெரிதாகத் தெரியும். மெல்லிசு வேலை செய்கிறவர் முகத்தில் அது ஏறினால், கடைக்காரர்கள் பார்த்த உடனே மெட்டிக்கும் தண்டைக்கும் மாற்றிவிடுவார்கள். அவருக்கு அது மரண அடி. தடித்த வேலை யாரும் செய்வார்கள் என்பார். நிலத்தை விட்டு வந்த மனுஷனுக்கு அந்த மெல்லிய கம்பி ஒன்றுதான் சொந்தமென்று இருந்தது. அது எனக்குப் புரிந்ததால்தான் அன்றைக்கு மேற்கொண்டு சண்டை போடவில்லை. சண்டை போடாமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று இந்தத் தொடரைப் படித்துவருகிறவர்களுக்குத் தெரியும்.

இந்த நேரம் பார்த்துத்தான் சுந்தரம் அண்ணன் வந்தார். டவுனில் வெள்ளிக் கடை வைத்திருந்தவர். எங்களுக்கு வேலையில் பெரும்பகுதி அவரிடமிருந்துதான் வந்தது. அவர் தங்கைக்கு ஆண் குழந்தை பிறந்திருந்தது. தாய்மாமன் என்கிற முறையில் குழந்தைக்கு அவர்தான் அரைஞாண் கட்ட வேண்டும். மெல்லிய கம்பியில் பின்னின கொடியாக வேண்டும், முத்தையா கையால்தான் வேண்டும் என்று வெள்ளியைக் கொடுத்துவிட்டுப் போனார். போகும்போது வாசலில் நின்று என்னிடம் மட்டும், போன இரண்டு உருப்படிகள் தாமதமாகிவிட்டன, இதுவும் அப்படி ஆனால் சொந்தக்காரர்கள் முன்னால் தன் மானம் போய்விடும், அப்புறம் வேறு பட்டறையைத்தான் பார்க்க வேண்டியிருக்கும் என்று சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

முத்தையா கம்பி இழுத்தார். முதல் சூட்டில் தப்பியது. அடுத்ததில் உருகியது. மறுபடி குச்சி ஊற்றி, தட்டி, இழுத்து, காய்ச்சி, மறுபடி உருகியது. நான் அடுப்படியில் இருந்தபடியே அந்த அறையிலிருந்து சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பேன். உருகினால் அந்த அறையில் சத்தமே வராது.

மறுநாள் கதவருகில் நின்று, நான் உட்கார்ந்து நிறம் சொல்கிறேன் என்றேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அவருக்கு நிறம் சொல்ல ஓர் ஆள் வேண்டுமா என்பது அவர் முதுகிலேயே எழுதியிருந்தது. வந்துவிட்டேன். உலை கொதித்துக்கொண்டிருந்தது. அரிசியைக் களைந்து போட்ட நேரத்தில் கூப்பிட்டார்.

"உள்ள வா. ஆனா வாயத் தொறக்காத."

வாயைத் திறக்காமல் நிறம் எப்படிச் சொல்வது? கேட்டே விட்டேன். அவர் யோசித்துவிட்டு, என் கையை எடுத்துத் தன் தோளில் வைத்தார். நிறம் வந்ததும் கையை எடு என்றார். நான் சொல்லி அவர் கேட்டதாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் பகலில் அவர் தோளில் நான் கை வைத்தது அதுதான் முதல் தடவை. சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

முதல் தடவை பயத்தில் சீக்கிரமே எடுத்துவிட்டேன். அச்சில் இழுத்தபோது கம்பி அறுந்தது. அவர் முனையைத் தீட்டிவிட்டு மறுபடி வளையம் சுற்றினார். அடுத்த தடவை வற்றல் நிறம் வளையத்தில் ஒரு பக்கம் ஏறி, மெல்ல நகர்ந்து, முழுச் சுற்றும் ஒரே மாதிரி ஆகிற வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கையை எடுத்தேன். அவர் அந்த நொடியே ஊதுகுழலை இறக்கினார். ஆறியதும் கம்பியை எடுத்து இழுத்துப் பார்த்தார். நூல் மாதிரி வந்தது.

சோறு குழைந்துபோயிருந்தது. அன்றைக்கு யாரும் குறை சொல்லவில்லை.

அண்ணன் வந்த காலை

கொடி முடிந்தது. சுந்தரம் அண்ணன் ஒரு காலையில் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். கொடியை உள்ளங்கையில் சுருட்டிப் பார்த்தார், தொங்கவிட்டுப் பார்த்தார். முத்தையா, இந்த ஊரில் உன்னை விட்டால் ஆள் இல்லை என்றார். நான் காபி டம்ளரோடு நிலைப்படியில் நின்றிருந்தேன்.

இத்தோடு போயிருந்தால் எல்லாருக்கும் நல்லது. கொடியை வாங்கிக்கொண்டு அவர் போவார், அடுத்த வேலை வரும், நான் தோளில் கை வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டுவேன். நான் அப்படித்தான் கணக்குப் போட்டிருந்தேன். என் வீட்டுக்காரர் கெடுத்தார்.

"அண்ணே, கம்பி காய்ச்சுனது நான் இல்ல. இவதான் நெறம் பாத்தா. எனக்குக் கண்ணு தெரியல."

சுந்தரம் அண்ணன் கொடியை மடியில் வைத்தார். அவர் முகம் மாறியது. பரிதாபத்தில் மாறியிருக்கும் என்று நினைத்தேன். இல்லை, கோபம். வெள்ளி கலப்படம், வெள்ளி கலப்படம் என்று இவர் சொன்னதை நம்பி, அப்பா காலத்திலிருந்து வெள்ளி கொடுத்துக்கொண்டிருந்த மனிதரோடு சண்டை போட்டு அவரையே மாற்றிவிட்டாராம். அதைச் சொல்லும்போது அவருக்குக் குரல் ஏறியது. முத்தையா தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்.

கோபம் வடிந்ததும் அவர் நிதானமாகவே பேசினார். முதலில் கண்ணைப் பார், வேலை எங்கும் போகாது என்றார். ஆனால் கண் சரியாகிற வரைக்கும் மெல்லிசு வேலை வேறு இடத்துக்குத்தான் போகும், மெட்டி வேண்டுமானால் அனுப்புகிறேன் என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. என் வீட்டுக்காரர் சரி என்று தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"மெல்லிசே குடுங்கண்ணே. இவுக இழுத்து வச்சிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகட்டும். நான் காய்ச்சுறேன்."

அதுவரை நான் அவரிடம் காபி எடுத்துக்கோங்க என்பதைத் தவிர ஒன்றும் பேசியதில்லை. அவர் என்னைப் பார்த்துவிட்டு முத்தையாவைப் பார்த்தார். முத்தையாவுக்கு என் முகம் தெரிந்ததோ என்னவோ, என் பக்கமாகத் திரும்பினார்.

"குடுங்கண்ணே. நல்லாத்தான் பாக்குறா."

ஓர் உருப்படி தருகிறேன், அது சரியாக வந்தால் பார்ப்போம் என்று சொல்லிவிட்டுச் சுந்தரம் அண்ணன் எழுந்தார். ஸ்கூட்டரை உதைக்கப் போனவர் திரும்பி வந்து, ஆறிப்போயிருந்த காபியையும் குடித்துவிட்டுப் போனார்.

சிரிக்கக் கூடாத இடம்

ஆஸ்பத்திரியில் டாக்டர், வருஷக்கணக்காக நெருப்பையே உற்றுப் பார்க்கிறவர்களில் சிலருக்கு இப்படிச் சீக்கிரம் புரை விழும் என்றார். கத்தி வைத்தார்கள். அப்போதெல்லாம் அது இன்றைக்குப் போலக் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புகிற சமாச்சாரமில்லை. கண்ணைக் கட்டி மல்லாக்கப் படுக்கப் போட்டு, தலைக்கு இரு பக்கமும் மணல் மூட்டை வைத்துவிடுவார்கள். தலையை ஆட்டக் கூடாது, இருமக் கூடாது, சிரிக்கக் கூடாது. முத்தையாவுக்குக் கடைசி விஷயத்தில் சிரமம் இருக்கவில்லை.

அவர் கம்பியை இழுத்து வைத்துவிட்டுப் போயிருந்தார். காய்ச்ச வேண்டியது மட்டும்தான் பாக்கி. நான் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக அடுப்பின் முன் உட்கார்ந்தேன். போர்வையை எடுத்து மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். எனக்குச் சாக்கு போதும். ஊதுகிற வாயும் என்னுடையது, பார்க்கிற கண்ணும் என்னுடையது. வளையம் உருகினால் மெல்லிசு வேலை இந்த வீட்டை விட்டுப் போய்விடும் என்பது தவிர மண்டையில் வேறு ஒன்றும் ஓடவில்லை. பயத்தில் வாய் உலர்ந்து, ஊதுகுழலில் காற்றே போகவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி ஊதினேன். சிவந்தது. எடுத்தேன். உருகவில்லை.

ஆறினதும் அதை ஒரு மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். சுந்தரம் அண்ணனுக்கு முன்னால் இவரிடம் காட்ட வேண்டும். கட்டுப்போட்ட கண்ணோடு படுத்திருந்தவரின் கையில் வளையத்தை வைத்தேன். கம்பி என்று நான் சொல்லவில்லை. விரல்கள் தாமாகவே வாலைத் தேடிப் பிரித்தன. ஆள்காட்டி விரலில் அதைச் சுற்றினார், விட்டார். மறுபடி சுற்றினார், விட்டார். சுற்றினபடியே இருக்க வேண்டிய கம்பி ஒரு மயிரிழை பிரிந்துகொண்டது.

"லேசா விறைக்குது. பின்னலுக்குத் தாங்கும். அடுத்த தடவை இன்னும் ஒரு மூச்சு ஊது."

எனக்கு வந்த கோபத்தில் வளையத்தை அவர் கையிலிருந்து பிடுங்கிப் பைக்குள் போட்டேன். வாய் உலர உலர ஊதி, ஒரு துளிகூட உருகாமல் எடுத்து வந்திருக்கிறேன். நல்லா இருக்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் கட்டு அவிழ்ந்துவிடுமா? ஆரஞ்சை உரித்துக் கொடுத்துவிட்டு, மாமியார் வருகிறேன் என்றதைச் சொல்லிவிட்டு, விறைப்பாகவே கிளம்பி பஸ் ஏறினேன்.

காளவாசல் தாண்டுகிற வரைக்கும் கோபம் தீரவில்லை. பஸ் திரும்பும்போதுதான் அவர் சொன்னது முழுசாகக் காதில் விழுந்தது. அடுத்த தடவை என்று சொல்லியிருக்கிறார். கண்ணைத் திறந்து வீட்டுக்கு வந்த பிறகும் நீதான் காய்ச்சப் போகிறாய் என்று, ஊதுகுழலைத் தொடவிடாத மனுஷன், படுத்த படுக்கையில் சொல்லியிருக்கிறார்.

அழுகையை அடக்க முடியவில்லை. பக்கத்தில் கீரைக்கூடையோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மா என் பையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். என்ன தாயி, ஆஸ்பத்திரியில யாருக்கும் ஏதும் ஆயிருச்சா என்று கேட்டார்.

"இல்லக்கா. எங்க வீட்டுக்காரரு என்னய வேலைக்குச் சேத்துக்கிட்டாரு" என்றேன்.